சிறிய பல்கலைக்கழகம் போதுமா?

மேல்நிலை வகுப்பை முடிக்கும் மாணவியிடம் எல்லாரும் கேட்பது, "எந்தக் கல்லூரி?" என்பதே. பெரிய நகரம், பெரிய பெயர் என்றால் பெற்றோர் உள்ளம் குளிர்கிறது. அளவைக் கொண்டு கல்வியை எடைபோடுவது முறையா?

திண்டுக்கல்லை அடுத்து, சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமம் உள்ளது. 1947-ல் மருத்துவர் சௌந்திரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரனும் அதை நிறுவினர். 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் பிறந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாநகரப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் சிறியதே. ஆயினும் ஊரக வளர்ச்சி, கூட்டுறவு, மனையியல் முதலிய பாடங்கள் அங்கே ஏட்டோடு நிற்பதில்லை. மாணவர் கிராமங்களில் சில நாள் தங்கி, மக்களின் குறைகளை நேரில் கேட்டறிகின்றனர். சாந்தி சேனை வழியே தொண்டும் ஒழுங்கும் பழகுகின்றனர். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிதன்றோ!

சிறிய இடத்தில் பாடப்பிரிவுகள் குறைவு என்பது உண்மையே. ஒருத்தி விரும்பும் பாடம் அங்கே இல்லையெனில் வேறிடம் செல்வதே அறிவுடைமை. ஆனால் அந்தப் பாடம் இருந்தும், இடம் சிறிது என்று ஒதுக்குவது நட்டமே. கூச்சமுள்ள பெண் பெருங்கூட்டத்தில் மறைந்துவிடுவாள். சிறு வகுப்பில் ஆசிரியர் அவளைப் பெயர் சொல்லி எழுப்புவார், பேச வைப்பார்.

எனவே பெற்றோரே, "எவ்வளவு பெரியது?" என்று கேட்குமுன், "எங்கள் மகள் அங்கே என்ன செய்து பழகுவாள்?" என்று கேளுங்கள். அன்புத் தோழியரே, விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் நீங்களும் அதையே கேளுங்கள்.