கத்தியா, கதிரா?

பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வரும் உறவினரை வீட்டில் வைத்துப் பேணிய குடும்பங்கள் மும்பைத் தமிழரிடையே பல உண்டு. குரல்வளைப் புற்று முற்றிய நிலையில் வருவோரிடம் மருத்துவர் இரு வழிகளைக் கூறுவர். குரல்வளையை முழுவதும் அறுத்தெடுப்பது ஒன்று. மருந்தோடு கதிர்ச் சிகிச்சை அளிப்பது மற்றொன்று. "குரல் போனபின் மனிதன் இருந்தென்ன?" என்பார் ஒருவர். "வெட்டினால்தான் வேர் போகும்" என்பார் வேறொருவர். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதும் எடுக்கும் அறுவையை வியன்னாவில் பில்ராத் என்ற மருத்துவர் முதன்முதல் செய்தது 1873ஆம் ஆண்டின் கடைசி நாளில். நூறாண்டுக்கு மேலாக, முற்றிய நோய்க்கு அதுவே தலையாய வழியாக இருந்தது. அமெரிக்கப் படைவீரர் நலத்துறை 332 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1991இல் வெளிவந்தபின் நிலைமை மாறிற்று. ஒரு சாராருக்கு அறுவையும் பின் கதிரும். மறு சாராருக்கு முதலில் மருந்து, பின் கதிர். இரண்டாண்டு முடிவில் இரு சாராரிலும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 68 பேர். மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 64 பேரின் குரல்வளையும் தப்பியது. மருந்தையும் கதிரையும் ஒருங்கே அளித்தால் இன்னும் பலருடைய குரல்வளையைக் காக்கலாம் என்று 2003இல் வேறோர் ஆய்வு காட்டிற்று.

ஆயின் குரல்வளை இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. கதிரால் இறுகிய தொண்டையில் உணவு வழிதவறி மூச்சுக்குழாயில் இறங்குவதும் உண்டு. சிலருக்குக் குழாய் வழியேதான் ஆகாரம். புற்று குருத்தெலும்பைத் துளைத்து வெளியே பரவியிருப்பின் பெரும்பாலும் அறுவையையே மருத்துவர் முதலில் கூறுவர். கதிர் பயன்தராவிடில் பின்னர் அறுக்கலாம். எனினும் கதிர் பட்ட தசையில் புண் எளிதில் ஆறாது. எனவே, "குருத்தெலும்பு கெட்டிருக்கிறதா? இப்பொழுது விழுங்கும் திறன் எப்படி?" என்று மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே வீட்டார் வாதம் செய்தல் நலம்.

அறுவைக்குப் பின் ஆயுள் முழுதும் ஊமை என்பதும் தவறு. மூச்சு கழுத்துத் துளை வழியே செல்லும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு அடைப்பான் ஒன்றைப் பொருத்தினால் பலருக்குப் பேச்சு வரும். பெங்களூர் மருத்துவர் விஷால் ராவ் ஏழைகளுக்கென்றே 'ஓம்' எனும் மலிவான அடைப்பானை உருவாக்கினார். அறுவை செய்துகொண்டால் கதிர் வேண்டா என்றும் எண்ணற்க. முற்றிய நோயில் பெரும்பாலோர்க்கு அதன்பின்னும் கதிர் உண்டு.

கதிரை மட்டும் நம்பினால் வாரம் ஐந்து நாளாக ஏறத்தாழ ஏழு வாரம் செல்லும். ஓர் அறைக் குடித்தனத்தில் ஏழு வாரம் என்பது எளிதன்று, முன்பே திட்டமிடுக.

பயணச் செலவு பற்றி ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒரு சொல். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதி வகுப்பிலும் கட்டணம் முழுதும் சலுகை. உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு. மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் வந்து முழுப்பணம் செலுத்திச் செல்வோரை டிக்கெட் சாளரத்தில் இன்றும் காண்கிறேன்.