ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஊட்டி ரயில்

நண்பர் ஒருவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோயில், குளம் என்று கிளம்பாமல் ரயில் விட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குள்ளேதான். அடையாறு ஃப்ளாட்டில் ஓர் அறை முழுக்க பிளைவுட் மேஜை. அதன் மேல் நம் ஊட்டி ரயில், 87-ல் ஒரு பங்கு அளவில். மீட்டர் கேஜ் பாதை 12 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. நீலமும் கிரீமும் பூசிய பெட்டிகள். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டைகூட உண்டு. இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது (நிஜத்திலும் அப்படித்தான்). மூன்று வருட உழைப்பு. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். பின்சுவரில் சுவிட்சர்லாந்து!

பனி மூடிய சிகரம், கம்பளம் விரித்த மாதிரி புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடு. எட்டடி நீளத்துக்கு ஃப்ளெக்ஸ்.

“என்ன சார் இது?” என்றேன்.

“நெட்ல கிடைச்சுது. அரை மணி நேரத்துல பிரின்ட் போட்டுக் குடுத்துட்டான். பேக்கிரவுண்டுதானே சார், எவன் பார்க்கப் போறான்?”

இந்த ‘எவன் பார்க்கப் போறான்’ மீதுதான் எனக்குக் கோபம். ஜன்னல் கம்பிக்கு மூன்று வருடம் உழைத்தவர், மலைக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள் என்றார். மரம், விலங்கு, பறவை எல்லாம் அதற்கு அப்புறம். ரயில் அவர் காலத்தில் இருந்திருந்தால் கருப்பொருளில் கடைசியாக ஓர் இடம் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

‘போட்டோ நிஜமாச்சே, கையால் வரைந்தது அதுபோல வருமா?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். போட்டோவுக்கென்று சொந்தமாக ஒரு சூரியன் இருக்கிறது. அது இடப்பக்கம் காய, உங்கள் ட்யூப்லைட் வலப்பக்கம் எரியும். போட்டோவின் தொடுவானம், எடுத்தவன் நின்ற உயரத்தில் இருக்கும். உங்கள் மேஜைக்கு அது ஒத்துப்போக வேண்டும் என்று என்ன கட்டாயம்? எல்லாவற்றையும்விட மோசம், பத்து மைலுக்கு அப்பால் உள்ள பாறையும் பளிச்சென்று தெரிவது. அதன் முன்னால் நீங்கள் மரத்தூளில் செய்து வைத்த மரம் வெறும் மரத்தூளாகத்தான் தெரியும்.

அடுத்த முறை காலையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இறங்கும்போது, டீக்கடையைத் தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் எதிரே பாருங்கள். மலை பச்சையாகவா இருக்கிறது? மரமெல்லாம் பச்சைதான். ஆனால் நமக்கும் மலைக்கும் நடுவே கிடக்கிற காற்று, வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. முன்னால் பாக்குத் தோப்பு கரும்பச்சை, அதற்குப் பின்னால் நீலம், அதற்கும் பின்னால் வெளிறிய சாம்பல். நீலகிரி என்ற பெயருக்குக் குறிஞ்சிப் பூவைக் காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூவைவிட, தினமும் கண்ணில் படுகிற தூரத்துக்கே என் ஓட்டு.

‘எனக்கு நேராக ஒரு கோடுகூடப் போட வராதே’ என்கிறீர்களா? ரொம்ப நல்லது. நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதைக் கெடுப்பார்கள். கொக்கு, குடிசை, சூரிய உதயம் என்று கை சும்மா இருக்காது. பளபளப்பில்லாத எமல்ஷன் பெயின்ட் நாலு சின்ன டப்பா போதும். சுவர் மூலையில் ஹார்ட்போர்டை வளைத்து வையுங்கள், வானத்துக்கு மூலை கிடையாது. மேலே நீலம், கீழே வர வர வெள்ளை. தொலைவில் இருக்கும் மலையை முதலில் பூசுங்கள், வானத்தைவிடக் கொஞ்சமே அழுத்தமாக. கிட்டே வர வர அழுத்தம் கூட்டுங்கள். மலையில் மரம் மரமாக வரையாதீர்கள். தண்டவாளத்தைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் ரயிலின் நிழல் ஆகாயத்தில் விழுந்து மானம் போய்விடும். மேஜையும் சுவரும் சேரும் இடத்தை ஒரு தேயிலைப் புதர் வரிசை மறைத்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதுவும் முடியாதென்றால், சினிமா பேனர் வரைந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணா சாலையில் நாற்பதடி முகத்தைக் கட்டம் போட்டுக் கையால் தீட்டியவர்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது இதே ஃப்ளெக்ஸ்தான். ஒருவரைத் தேடிப் பிடித்து, கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பொம்மை ரயிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். ராய் இங்க்லண்ட் என்று ஒருவர். 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து போன இளைஞர். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைப் பார்த்துப் பதறி, அவற்றை அளவெடுத்துச் சின்னதாகச் செய்ய ஆரம்பித்தார். லாங் விட்டன்ஹம் என்ற கிராமத்தில் 1954-ல் தொடங்கிய பெண்டன் மியூசியம் அப்படித்தான் பிறந்தது. அங்கேயும் ரயில் ஓடுகிறது. ஆனால் அவர் காப்பாற்ற நினைத்தது 1920, 30-களில் அந்த நிலம் இருந்த கோலத்தை. நமக்கோ 46 கிலோமீட்டர், 16 குகை, யுனெஸ்கோ 2005-ல் கொடுத்த பட்டம் எல்லாம் மனப்பாடம். குன்னூர்ச் சரிவில் கட்டடம் முளைக்கிற வேகத்தில், அந்த மலையின் விளிம்பு எப்படி இருந்தது என்று நாளைக்கு உங்கள் பேரன் கேட்டால் எந்த ஃப்ளெக்ஸைக் காட்டுவீர்கள்?

இதையெல்லாம் நண்பரிடம் அன்றைக்கே கொட்டிவிட்டு வந்தேன். பத்து நாள் பேச்சில்லை. அப்புறம் ஒரு போன்.

“ஃப்ளெக்ஸைக் கழற்றி ஸ்கூட்டருக்குப் போர்த்திட்டேன் சார். நானே வரைஞ்சேன். மலையெல்லாம் இட்லி இட்லியா வந்திருக்கு.”

“எத்தனை இட்லி?”

“ஏழு.”

“பின்னால் இருக்கும் மூன்றுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை கலந்து பூசுங்கள்” என்றேன்.