சடுகுடு தேகபலத்தின் ஆட்டமா?

சம்பா அறுவடை முடிந்து, தை மாதத்தில் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சடுகுடு என்னும் கபடிப் பந்தயங்கள் நடக்கும்போதெல்லாம், எந்தக் கட்சியில் ஆஜானுபாகுவான ஆட்கள் மிகுதியோ அந்தக் கட்சிக்கே கோப்பை என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வதைக் கேட்கலாம். இந்த அபிப்பிராயம் பிழையானது; நம் பிள்ளைகளுக்குக் கேடு செய்வதும் ஆகும்.

தேகபலமே ஜயத்தை நிர்ணயிக்குமானால், எழுவர் நிற்கும் களத்துக்குள் தனியனாகப் பாடிச் செல்பவன் ஒருநாளும் திரும்ப முடியாது. எழுவரின் பலத்தை மிஞ்சும் பலசாலி எங்கும் இல்லை. அப்படிப் பாடிச் செல்லும் நல்ல ரைடர் ஒருவனைக் கூர்ந்து கவனியுங்கள். நடுக்கோட்டைத் தாண்டியவுடன் அவன் எவரையும் தொட அவசரப்படுவதில்லை. ஒரு மூலையை நோக்கிச் சாய்கிறான். போனஸ் கோட்டைத் தொடப்போகிறவனாகக் காலை நீட்டுகிறான். அந்தக் கணுக்காலைப் பற்றும் ஆசையில் கார்னர் ஆட்டக்காரன் அரை அடி முன்னேற, அவனோடு கைகோத்தவனும் இழுபட, பக்கத்துக் கவர் ஆட்டக்காரனுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு சந்து விழுகிறது. அக்கணமே இடுப்பைத் திருப்பி, கையை வீசித் தொட்டுவிட்டு அந்தச் சந்து வழியே அவன் பாய்ந்து வருகிறான் என்றால், எதிரிகளின் வியூகத்தைத் தன் காலசைவாலேயே குலைத்த யுக்திதான் அவனுக்குப் புள்ளி பெற்றுத் தருகிறது.

இத்தனையும் 30 விநாடிக்குள் நடந்தாக வேண்டும். எதிரில் அறுவருக்குக் குறைந்தால், போனஸ் கோட்டைத் தொட்டாலும் புள்ளி கிடையாது. மூவரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்துவிட்டால் அவர்களுக்கு 2 புள்ளி. ஆகவே தலைகளை எண்ணிப் பாதையை மாற்றத் தெரியாதவன் எத்தனை வலியவனாயினும் கட்சிக்குப் பாரமே. பிடிபட்டபின் உதறிக்கொண்டு வரப் பலம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிடிபடாமல் வருவதே வித்தை.

தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் பிறந்த கபடி ஆட்டக்காரர் தர்மராஜ் சேரலாதன், 40 வயதைக் கடந்தபின், 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த வயதில் இளைஞர்கள் நடுவே ஒருவரை நிலைநிறுத்துவது, எதிரியின் அடுத்த அடியை முன்கூட்டியே உணரும் புத்தியேயன்றித் தோள்பலம் அன்று.

ஆதலால், உடற்கல்வி ஆசிரியர்களே, ஒல்லியாய் இருக்கிறான் என்று எந்தப் பையனையும் வரிசையிலிருந்து விலக்காதீர்கள். தண்டாலோடு பயிற்சியை முடித்துவிடாமல், எதிரே மூவரையும் ஐவரையும் எழுவரையும் மாற்றி மாற்றி நிறுத்தி, ஒவ்வொரு வியூகத்துக்குள்ளும் பாடிச் சென்று திரும்பும் வழியை அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்.