பாஸ்தோன் பனிக்குழிகள்

1944 டிசம்பர் 22-இல் சரணடையச் சொன்ன ஜெர்மானியருக்கு ‘நட்ஸ்!’ என்று பதிலளித்த தளபதி மெக்காலிஃபைத்தான் பாஸ்தோன் முற்றுகை என்றதும் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அந்தச் சொல்லைக் காப்பாற்றியவர்கள் பதுங்குகுழிச் சிப்பாய்கள்தாமே! குளிருடுப்பு போதவில்லை. நெருப்பு மூட்டினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். உறைந்த மண்ணைத் தோண்டி, ஒருவரோடொருவர் ஒட்டிக் கிடந்தார்கள். ஈரக் காலுறையை மாற்ற வழியில்லாதவனின் பாதம் புண்ணாகும். அவன் விழுந்தால் காவல்முறை அடுத்தவன் தலையில். (நமக்கோ விரிவுரை மண்டபக் குளிர்சாதனத்துக்கே மேலங்கி வேண்டும்.) பனியில் மறைந்துகொள்ள ஊர்மக்கள் படுக்கை விரிப்புகளைக் கொடுத்தார்கள். 23-இல் வானம் தெளிந்து விமானங்கள் பொருள்களைப் போட்டன. 26-இல் பேட்டனின் டாங்கிகள் வந்துசேர்ந்தன. காயம்பட்டோரைக் கவனித்த கறுப்பினத் தாதி ஆகஸ்டா சிவியை அமெரிக்க இராணுவம் கௌரவித்ததோ 2011-இல்தான். அவ்வளவு தாமதம் ஏன்?