மேஜர் முகுந்த் வரதராஜன்: 'அமரன்' பார்த்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

2014 ஏப்ரல் 24. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஓட்டுப்பதிவு நடந்த நாள். காஷ்மீரின் அனந்த்நாக் தொகுதியிலும் அன்றுதான் ஓட்டுப்பதிவு. அன்று ஷோபியான் மாவட்டத்தில் பணி முடித்துத் திரும்பிய தேர்தல் ஊழியர்கள் மீது தீவிரவாதிகள் சுட்டதில் ஒருவர் இறந்தார்.

மறுநாள், அதே மாவட்டத்தின் காஸிபத்ரி கிராமத்தில் ஒரு வீட்டை ராணுவம் சுற்றி வளைத்தது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் 31 வயது மேஜர் முகுந்த் வரதராஜன். சென்னைக்காரர், மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றவர். ஹிஸ்புல் முஜாஹிதீன் கமாண்டர் அல்தாஃப் வானி உட்பட மூன்று பேர் கொல்லப்பட்ட அந்தச் சண்டையில், குண்டடிபட்ட முகுந்தும் உயிரிழந்தார்.

அசோக சக்ரா ஏன்?

படம் வந்தபோது பலர் கேட்ட கேள்வி: "இவ்வளவு செஞ்சவருக்கு ஏன் பரம்வீர் சக்ரா இல்லை?" இரண்டும் வேறு வேறு சூழலுக்கானவை. எதிரிப் படையை நேருக்கு நேர் சந்தித்துக் காட்டும் வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா. உள்நாட்டில் தீவிரவாத எதிர்ப்பு போன்ற நடவடிக்கைகளில் காட்டும் உச்சபட்ச வீரத்துக்கு அசோக சக்ரா. போர் முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்பது இதில் கணக்கே இல்லை. அறிவிக்கப்படாத கார்கில் போரில் நான்கு பேர் பரம்வீர் சக்ரா பெற்றார்கள். ஆக, முகுந்துக்குக் கிடைத்தது குறைவான விருது என்று நினைப்பது தவறு. 2015 குடியரசு தின விழாவில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடம் இருந்து அதைப் பெற்றுக்கொண்டவர், மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ்.

44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்னா என்ன?

தீவிரவாத எதிர்ப்புக்காகவே 1990-ல் தொடங்கப்பட்ட படை. இதற்கென்று நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. ராணுவத்தின் மற்ற ரெஜிமென்ட்களில் இருந்து சில ஆண்டுகளுக்கு இங்கே வந்து பணியாற்றிவிட்டுத் திரும்புவார்கள். முகுந்தின் தாய் ரெஜிமென்ட் ராஜ்புத்.

படத்துக்குப் பிறகு

2024 தீபாவளிக்கு வெளியான 'அமரன்', பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு செய்தியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதற்கு முன் அவர் பெயரைக் கேள்விப்படாத தமிழர்களே அதிகம் இருந்திருப்பார்கள். ஆனால் படம் வந்த சூட்டோடு சோஷியல் மீடியாவில் பெரிதாக ஓடிய விவாதம் எது தெரியுமா? அவருடைய சாதியைப் படம் ஏன் காட்டவில்லை என்பது! முகுந்த் தன்னை இந்தியராக அடையாளப்படுத்திக்கொள்ளவே விரும்பினார் என்று பெற்றோர் சொன்னதாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி விளக்கம் தர வேண்டியதாயிற்று. அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இந்தச் சத்தத்தில் ஒருவரைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே எழவில்லை. அதே நாளில், அதே சண்டையில், முகுந்தோடு இறந்த சிப்பாய் விக்ரம் சிங். அதிகாரியின் கதைக்குள் ஒரு துணைப் பாத்திரமாகவே அவரை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரச் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே மேஜருக்கும் ஒரு கல்தான், சிப்பாய்க்கும் ஒரு கல்தான்.