சி.ஆர்.ஓ. கப்பலேற வேண்டுமா?

லேபில் பழைய கருவி ஒன்று படுத்துவிட்டால் நம்மிடம் இரண்டே பேச்சுதான். "காயலான் கடைக்குப் போடு" என்பார் ஒருவர். "ஃபாரினுக்கு அனுப்பினா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டாமவருக்கே என் பதில்.

1950-களில் வந்த டெக்ட்ரானிக்ஸ் 545 சி.ஆர்.ஓ.வை எடுத்துக்கொள்வோம். வால்வு மாடல், சுமார் 30 கிலோ. பேக்கிங்கோடு 80 x 60 x 50 செ.மீ. பெட்டி என்று வையுங்கள். கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார். வருவது 48! எடை, கணக்கு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

"கப்பல் மலிவாச்சே" என்பீர்கள். மலிவுதான். ஆனால் அங்கே கன மீட்டர் கணக்கு. குறைந்தது 1 கன மீட்டருக்கு வாங்குவது வழக்கம். நம் பெட்டியோ 0.24 தான். நாலு கல்லூரி சேர்ந்து நாலு பெட்டியை ஒரே சரக்காக அனுப்பினால் 0.96. கட்டணம் ஆளுக்குக் கால் பங்கு! மரப்பெட்டி என்றால் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்திய முத்திரையைப் பல நாடுகள் கேட்கும். கிளம்பும்போதே "ரிப்பேருக்கு" என்று சீரியல் நம்பரோடு கஸ்டம்ஸில் பதிவு செய்யணும். அப்போதுதான் 3 வருஷத்துக்குள் திரும்பி வருகையில் ரிப்பேர் செலவு, போகவரக் கட்டணம், இன்சூரன்ஸ் இவற்றுக்கு மட்டும் வரி. கருவியின் முழு மதிப்புக்கு இல்லை.

இவ்வளவு சொன்னாலும், முழுப் பெட்டியையும் அனுப்பத் தேவையில்லை என்பதே என் கருத்து. 545-ன் முன்பக்க ப்ளக்-இன் யூனிட் தனியே கழன்று வரும். வேறொரு ப்ளக்-இன் மாட்டிப் பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ப்ளக்-இன்னில் என்றால் அதை மட்டும் அனுப்புங்கள். மெயின்ஃப்ரேமில் என்றால் மீட்டரோடு நாமே உட்காரலாம். உள்ளே 10 கிலோவோல்ட் உண்டு. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்! மேனுவலில் முழு சர்க்யூட்டும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்பதும் அச்சாகியிருக்கு. பீங்கான் பட்டைகளில் பற்றவைக்க வெள்ளி கலந்த சால்டர் வேணும் என்று ஒரு சிறு சுருளை உள்ளேயே மாட்டி அனுப்பியது அந்தக் கம்பெனி. எதற்கு? கருவி இருக்கிற இடத்திலேயே ஒருவன் சால்டரிங் அயர்ன் பிடிப்பான் என்ற நம்பிக்கையில்தானே!

பழுது எங்கே என்றுகூடச் சொல்லத் தெரியாமல் பெட்டியை ஏற்றிவிட்டால், கப்பலேறப் போவது நம் டிப்ளமோவின் மானம்தான்!