பால்வாடி எங்கே? பலகை வைக்கலாமே!

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் பேரு எங்கும் தெரிஞ்சு போச்சு. ஆனால் கொடிக்கால் வேலைக்குப் போகும் தாய்க்கு, பிள்ளையை எங்கே விடுவது என்பது தெரியணுமே!

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் வந்தது. பாட்டு, கதை, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு, பைசா செலவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளி நீங்கலாக, தனியார் பள்ளி ஆரம்ப வகுப்பில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடமும் உண்டு.

சட்டம் இருந்தென்ன? கூலிக்குப் போகிறவள் ஆபீஸ் ஆபீசாக அலைவாளா? ரேஷன் கடை வாசலில் ஒரு பலகை போதும். மையம் எங்கே, எந்த வயசு, எத்தனை மணி வரை, யாரைப் பார்க்கணும்? நாலே வரி!

பேரூராட்சி கவனிக்குமா?